வானத்துக்குச் செக்ரோல் எழுதிய அம்மையார்



பால் மரத்துக்கு ஒரு நேரம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். சூரியன் உச்சிக்கு வந்தபிறகு மரத்தைக் கீறினால் கோப்பை நிறையாது. இது நமக்கு யாரும் புத்தகத்தில் காட்டிக் கொடுத்ததில்லை. வேலையிலிருந்து வந்த அறிவு.

வானத்துக்கும் அப்படி ஒரு நேரக் கணக்கு உண்டு. சூரியன், நிலா, விடிவெள்ளி இவையெல்லாம் கேட்காமலே கண்ணில் படும். ஆனால் வெகு தூரத்தில், தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் கலந்த மாதிரி மங்கலாகத் தெரிகிற பொருள்களும் இருக்கின்றன. வானநூல்காரர்கள் அவற்றுக்கு நெபுலா என்று பெயர் வைத்தார்கள். நாம் புகைமேகம் என்று சொல்லிக்கொள்வோம். அவற்றில் சில உண்மையிலேயே வாயுவும் தூசியும் கலந்த மேகங்கள். சில, பல நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டங்கள். சில, கோடானுகோடி நட்சத்திரங்களைக் கொண்ட தனி அண்டங்கள். இவற்றைப் பார்க்க வேண்டுமானால் சும்மா வெளியே வந்து தலையைத் தூக்கினால் போதாது. எந்த மாதம், எத்தனை மணி, நிலா உண்டா இல்லையா, எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட 2,500 பொருள்களுக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதி வைத்தவர் ஒரு பெண்மணி. வீட்டு வேலைக்குத்தான் லாயக்கு என்று பெற்ற தாயே ஒதுக்கிவைத்த பெண். பெருக்கல் வாய்ப்பாடுகூட மனதில் நிற்காத பெண். அவர் பெயர் கரோலின் ஹெர்ஷல். இந்த வாரம் அவருடைய கதையைப் பார்ப்போம்.

அடுப்படிக்கென்று வளர்ந்தவள்

கரோலின் 1750-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் பிறந்தாள். அப்பா ஐசக், பட்டாளத்து வாத்தியக் குழுவில் ஊதுகுழல் வாசித்தவர். பட்டாளம் எங்கே போகிறதோ அங்கே அவரும் போக வேண்டும். வருமானம் சொற்பம். பிறந்த பிள்ளைகள் பத்து, தங்கியது ஆறு.

சின்ன வயதிலேயே கரோலினுக்குப் பெரியம்மை போட்டது. முகத்தில் தழும்பு விழுந்தது, இடது கண்ணும் கொஞ்சம் பாதிக்கப்பட்டது. பத்து வயது தாண்டியதும் டைபஸ் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினாள், ஆனால் வளர்ச்சி நின்றுபோனது. கடைசிவரை அவருடைய உயரம் நாலடி மூணு அங்குலம்தான். அழகும் இல்லை, சொத்தும் இல்லை, இவளை யார் கட்டுவார்கள் என்று அப்பாவே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அந்த அப்பாதான் இன்னொன்றும் செய்தார். பனி கொட்டுகிற ஒரு தெளிந்த இரவில் மகளைத் தெருவுக்குக் கூட்டிப்போய் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காட்டினார். அந்த இரவை அவர் வயதான காலத்திலும் மறக்கவில்லை.

அம்மாவின் எண்ணம் வேறு. ஆம்பளைப் பிள்ளைகள் படித்ததால்தான் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று அந்தம்மா உறுதியாக நம்பினார். ஆகவே இந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். சமைக்கணும், துவைக்கணும், வீட்டில் எல்லாருக்கும் காலுறை பின்னணும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச எழுத்தும் வீண் போகவில்லை. போர் நடந்த காலத்தில் பக்கத்து வீடுகளில் இருந்த ஏழைச் சிப்பாய்களின் மனைவிமார், பாசறையில் இருந்த கணவன்மார்களுக்குக் கடிதம் எழுத இந்தச் சிறுமியைத்தான் தேடி வந்தார்கள்.

1767-இல் அப்பா காலமானார். அண்ணன் வில்லியம் அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே இங்கிலாந்துக்குப் போயிருந்தார். பாத் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பாட்டு வாத்தியாராகவும் இருந்து பிழைத்தார். 1772-இல் அவர் ஹனோவருக்கு வந்து தங்கையை அழைத்துப்போகிறேன் என்றார். அம்மா லேசில் விடவில்லை. கரோலின் போய்விட்டால் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமே! வேலைக்காரி வைத்துக்கொள்ள வருடா வருடம் பணம் அனுப்புவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகுதான் விடுதலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன் இரண்டு வருடத்துக்குப் போதுமான காலுறைகளைக் குடும்பத்துக்குப் பின்னி வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் கிளம்பினாள். அப்போது அவளுக்கு வயது 22.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருந்தவரை அவள் செய்ததற்கு வேலை என்றே பெயர் இல்லை. போகிறேன் என்றதும் அதற்கு விலை வந்துவிட்டது.

பாட்டும் குதிரைச் சாணமும்

பாத் நகரில் கரோலின் அம்மையார் இங்கிலீஷ் படித்தார், வீட்டுக் கணக்கு எழுதினார், பாட்டுப் பயிற்சி செய்தார். குரல் நன்றாக இருந்தது. ஹாண்டல் இயற்றிய பெரிய பக்தி இசை நிகழ்ச்சிகளில் முதன்மைப் பாடகியாக மேடை ஏறினார். வேறு ஊரிலிருந்தும் பாட அழைப்பு வந்தது. அண்ணன் நடத்துகிற கச்சேரியில் மட்டும்தான் பாடுவேன் என்று அதை மறுத்துவிட்டார்.

அந்த அண்ணனுக்கோ வானத்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. நல்ல தொலைநோக்கி வாங்கக் காசு கட்டாது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார். அந்தக் காலத்துத் தொலைநோக்கிக்குள் இருந்தது உலோகத்தால் வார்த்த கண்ணாடி. அதை மணிக்கணக்கில் கைவிடாமல் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒருமுறை வில்லியம் 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார்.

1781-இல் பெரிய கண்ணாடி ஒன்றை வீட்டிலேயே வார்க்கப் பார்த்தார்கள். அச்சு செய்வதற்குக் குதிரைச் சாணம் குவியல் குவியலாக வேண்டும். அதை உரலில் இடித்து, சல்லடையில் சலித்துக் கொடுத்தவர்களில் மேடையில் பாடிய இந்த அம்மையாரும் ஒருவர். அச்சு பிளந்தது. உருகிய உலோகம் தரையில் ஓடி, கல் தளம் வெடித்துச் சிதறியது. அண்ணனும் வேலையாட்களும் உயிர் பிழைத்து ஓடினார்கள். அந்தப் பெரிய கண்ணாடி நடக்கவில்லை.

ஆனால் அதே வருடம் மார்ச் 13-ஆம் தேதி, அதற்கு முன்பே செய்து வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் வில்லியம் ஒரு புதிய கிரகத்தைக் கண்டிருந்தார். அதுதான் யுரேனஸ். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு வருடம் 200 பவுன் சம்பளம் கொடுத்தார். 1782-இல் இருவரும் பாட்டுத் தொழிலை விட்டுவிட்டு வின்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் டாச்செட் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். அம்மையாருக்கு வயது 32. பாடகியாகப் பேர் எடுக்கிற நேரத்தில் அந்த வழி அடைபட்டது. அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு சிறிய தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, நீயும் வானத்தைத் தேடு என்றார்கள்.

தேடினார். தனியாக இருட்டில் புல்தரையில் உட்கார்ந்து தேடினார். 1783-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, அதற்கு முன் யார் பட்டியலிலும் இல்லாத ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, தென் தொடுவானத்தை ஒட்டி ஒரு நீண்ட புகைமேகத்தைக் கண்டார். சிறிய கருவியில் இத்தனை கிடைக்கிறது என்றால் பெரிய கருவியில் எவ்வளவு கிடைக்கும்! வில்லியமும் புகைமேகங்களை ஒன்று விடாமல் தேட முடிவு செய்தார்.

ஓர் இரவு வேலை

அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அம்மையாரின் அருமை விளங்கும்.

பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் கிழக்கே எழுந்து மேற்கே இறங்குகின்றன. வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குவரை ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்வோம். எந்த நட்சத்திரமும் அந்த உச்சிக்கோட்டைத் தாண்டும்போதுதான் அதிக உயரத்தில் இருக்கும், தெளிவாகவும் தெரியும். வில்லியம் 20 அடி நீளத் தொலைநோக்கியை அந்தக் கோட்டில் நிறுத்துவார். ஓர் ஆள் கைப்பிடியைச் சுற்றி அதைக் கொஞ்சம் மேலும் கீழுமாக அசைப்பான். வானம் தானாக நகர்ந்து வரும். ஒரே இரவில் வானத்தின் ஒரு பட்டை முழுதும் கண்ணுக்கு முன்னால் ஓடிப்போகும். நாம் ஒரு நிரையில் மரம் மரமாகப் போகிறோம். அங்கே ஆள் நிற்கிறார், நிரை நடந்து வருகிறது.

அண்ணன் உயரமான மேடைமேல் நின்று பார்ப்பார். விளக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசி மங்கலான பொருள் தெரியாது. அதனால் அவர் எழுதக் கூடாது. அம்மையார் சன்னலுக்கு உள்பக்கம் மேசையில் விளக்கோடு உட்கார்ந்திருப்பார். முன்னால் கடிகாரம். பக்கத்தில் ஃபிளாம்ஸ்டீட் என்பவர் எழுதிய பழைய நட்சத்திரப் பட்டியல். தொலைநோக்கி எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டுகிற முள். அண்ணன் கயிற்றை இழுத்து அடையாளம் கொடுத்ததும் நிமிடமும் வினாடியும் உயரமும் குறித்துக்கொள்வார். அடுத்து எந்த நட்சத்திரம் எத்தனை நிமிடத்தில் வரப்போகிறது என்று பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே சொல்வதும் அவர்தான். குளிர்காலத்தில் மை உறைந்துபோகும். விடிந்ததும் அண்ணன் தூங்கப் போவார். இவர் இரவுக் குறிப்பைச் சுத்தமாக நகல் எடுத்து, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் கணக்குப் போட்டு எழுதுவார்.

பெருக்கல் வாய்ப்பாடு அவருக்கு மனதில் நிற்கவே இல்லை. ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொண்டார். கணக்கெல்லாம் சாப்பாட்டு மேசையில் அண்ணனிடம் கேட்டுக் கேட்டுப் படித்ததுதான். படிப்பு வரவில்லை என்று ஒதுங்குகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கணும். வாய்ப்பாடு மறந்தாலும் பரவாயில்லை, தாளைப் பார்த்துச் சரியாகப் போட்டால் போதும் என்று அவர் வேலையை நடத்தினார். அவர் போட்ட கணக்கை உலகம் நம்பியது.

கொக்கியில் மாட்டிய கால்

1783 டிசம்பர் 31. தரையில் ஓரடிப் பனி. மேகம் விலகி நட்சத்திரம் தெரிய ஆரம்பித்ததும் அண்ணன் அவசரப்படுத்தினார். இருட்டில் ஓடிய அம்மையார் பனியில் சறுக்கி விழுந்தார். கருவியின் அடியில் இருந்த பெரிய இரும்புக் கொக்கி முழங்காலுக்கு மேல் தொடையில் குத்தி ஏறிவிட்டது. ஆட்கள் ஓடிவந்து தூக்கியபோது கொக்கியோடு சதையும் பிய்ந்து வந்தது. தாமாகவே கட்டுப் போட்டுக்கொண்டார். சில நாள் கழித்துப் பார்த்த மருத்துவர், ஒரு சிப்பாய்க்கு இப்படிக் காயம் பட்டிருந்தால் ஆறு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு என்று சொன்னார்.

சிப்பாய்க்கு உண்டு. இவருக்கு இல்லை. ஏனென்றால் இவர் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை. அம்மையார் என்ன நினைத்தார் தெரியுமா? அன்றிரவு மறுபடி மேகம் மூடிவிட்டது, ஆகவே தன்னால் அண்ணனுக்கு வேலை கெடவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டார். நம் தாய்மார்களில் எத்தனை பேர் இப்படியே நினைத்திருக்கிறார்கள்! கத்தி பட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, இன்றைக்குப் பேர் போய்விடுமே என்று கவலைப்படுகிற மனம்தான் அது. உழைப்பவர் நல்ல மனசுக்காரர் என்பதற்காக அவருக்குச் சேரவேண்டியதை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை.

ஐம்பது பவுன்

1786-இல் வீடு ஸ்லாவ் என்ற ஊருக்கு மாறியது. அந்த ஆகஸ்டு முதல் தேதி, அண்ணன் வெளிநாடு போயிருந்த சமயம், அம்மையார் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டார். மறுநாளே வானநூல் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். அரண்மனைக்கே செய்தி போனது. 1797 வரை அவர் கண்டது மொத்தம் எட்டு வால் நட்சத்திரங்கள். அவற்றில் சிலவற்றை வேறு ஊரில் வேறு ஆட்களும் முந்திக் கண்டிருந்தார்கள். ஐந்தில் முதல் கண் இவருடையது என்பதில் சந்தேகமே இல்லை. எட்டாவதைக் கண்டபோது கடிதத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, 47 வயதில் குதிரை ஏறி, இருபது மைலுக்கு மேல் தாண்டி கிரீன்விச் வானாய்வுக்கூடத்துக்கே போய்ச் சொன்னார். வால் நட்சத்திரம் நாளுக்கு நாள் இடம் மாறும். தபால் வந்து சேரும்வரை அது காத்திருக்காது.

1787-இல்தான் அந்த நாள் வந்தது. அண்ணனின் உதவியாளராக அவருக்கு வருடம் 50 பவுன் சம்பளம் என்று மன்னர் உத்தரவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12 பவுன் 10 ஷில்லிங். இங்கிலாந்தில் அறிவியல் வேலைக்காக அரசச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான். 37 வயதில், தன் இஷ்டப்படி செலவு செய்யலாம் என்று கையில் வந்த முதல் காசு அது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணனுக்கு 200, தங்கைக்கு 50. இரண்டு பேரும் ஒரே இரவில் ஒரே குளிரில் கண் விழித்தவர்கள். நாலில் ஒரு பங்கு! இதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. சும்மா செய்கிற உதவி என்று இருந்தது அன்றுமுதல் வேலை என்று ஆனது. தொகை சிறிதானாலும், பெயர் பதிவில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு பேச ஓர் இடம் கிடைக்கிறது. சங்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறு வருடம் வில்லியம் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டுச் சாவி அண்ணியிடம் போனது. அம்மையார் தனி அறை எடுத்துக்கொண்டு, இரவு வேலைக்கு மட்டும் வந்து போனார். மனக்கசப்பு இருந்திருக்கிறது. அந்தப் பத்து வருடத்து நாட்குறிப்பை அவரே பின்னால் அழித்துவிட்டார். வேலையை மட்டும் ஒருநாளும் விடவில்லை. 1798-இல் ஃபிளாம்ஸ்டீட்டின் பட்டியலில் இருந்த பிழைகளைத் திருத்தி, அதில் விட்டுப்போன 560 சொச்சம் நட்சத்திரங்களையும் சேர்த்து அவர் எழுதிய நூலை ராயல் சொசைட்டி அச்சிட்டது. வில்லியத்தின் புகைமேகப் பட்டியல் 1786-இல் ஆயிரம், 1789-இல் இன்னொரு ஆயிரம், 1802-இல் ஐநூறு என்று மூன்று தவணையில் வெளிவந்தது. மொத்தம் 2,500. பெயர் அண்ணனுடையது. கணக்கு தங்கையுடையது.

எந்த இரவில் எது வரும்?

1822 ஆகஸ்டில் வில்லியம் இறந்தார். அம்மையாருக்கு வயது 72. இனி இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று மனம் உடைந்து, ஐம்பது வருடம் வாழ்ந்த நாட்டை விட்டு ஹனோவருக்கே திரும்பிவிட்டார். போன பிறகு ஏன் வந்தோம் என்று வருந்தினார். தெரிந்தவர்கள் பலர் இல்லை. நகரத்துத் தெருக்களில் வீடுகள் வானத்தை மறைத்தன. பார்க்கிற வேலை அதோடு போயிற்று. ஆனால் எழுதுகிற வேலை பாக்கி இருந்தது.

வில்லியத்தின் மகன் ஜான், அப்பா கண்ட புகைமேகங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிபார்க்க விரும்பினார். அங்கேதான் ஒரு சிக்கல். அப்பாவின் பட்டியல் எட்டு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் கண்டுபிடித்த வரிசையில் எழுதப்பட்டிருந்தது. வெளிச்சமானது ஒரு வகுப்பு, மங்கலானது ஒரு வகுப்பு, மிகவும் மங்கலானது ஒரு வகுப்பு என்று இப்படி. ஒரு தோட்டத்தில் 2,500 பேர் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களை வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி எழுதி வைத்திருக்கிறது. காலைப் பெரட்டில் எட்டாம் நம்பர் மலைக்கு யார் யார் போக வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் உடனே சொல்ல முடியுமா? பெயர் எல்லாம் இருக்கும், ஆள் அகப்பட மாட்டார். ஜானின் நிலைமையும் அதுதான்.

அம்மையார் முழுப் பட்டியலையும் பிரித்து மாற்றி எழுதினார். வான துருவத்திலிருந்து ஒவ்வொரு பாகையாக வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்தார். ஒவ்வொரு பட்டையிலும் எது முதலில் உச்சிக்கோட்டைத் தாண்டும், எது அடுத்து, எது அதற்கடுத்து என்று நேர வரிசையில் அடுக்கினார். பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் நட்சத்திரங்களின் இடமும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். அதற்கும் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் 1800-ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுவந்தார். 1825-இல் வேலையை முடித்து ஜானுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது 75.

இனி ஜான் செய்ய வேண்டியது சுலபம். இன்றைக்கு எந்தப் பட்டை என்று முடிவு செய்து தொலைநோக்கியை அந்த உயரத்தில் நிறுத்துவார். கடிகாரத்தைப் பார்ப்பார். அத்தையின் தாளில் வரிசையாக இருக்கிறது. இது வந்துவிட்டது, நாலு நிமிடத்தில் அடுத்தது, பிறகு பத்து நிமிடம் ஓய்வு. தேடி அலைகிற வேலை போய், காத்திருந்து வரவேற்கிற வேலையாக மாறிவிட்டது. அதைக் கொண்டு எட்டு வருடம் உழைத்து, 1833-இல் 2,300-க்கும் மேற்பட்ட பொருள்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். பின்னர் அது 1864-இல் பொதுப் பட்டியலாக வளர்ந்தது. 1888-இல் டிரேயர் என்பவர் அதை விரித்து 7,840 பொருள்கள் கொண்ட புதிய பொதுப் பட்டியலாக ஆக்கினார். என்.ஜி.சி. என்று சொல்லி அந்த எண்களைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அம்மையாரின் கையெழுத்துப் பட்டியலோ அச்சு ஏறவே இல்லை. அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. வீடு நிற்பது அதன்மேல்தான்.

தெரிந்தவர்கள் மறக்கவில்லை. 1828-இல் லண்டன் வானநூல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகு இன்னொரு பெண்ணுக்கு அந்தப் பதக்கம் கிடைக்க 1996 வரை ஆனது. 1835-இல் கழகத்தின் கௌரவ உறுப்பினர் ஆனார். ஜான் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்த் தென்வானத்தைப் பார்த்தபோது, எண்பது தாண்டிய அத்தை, தேள் உருவத்தில் இருக்கும் விருச்சிகத்தின் பக்கம் நன்றாகப் பார் என்று கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் அது தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே தலைக்கு மேலே ஏறும் என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

1846-இல், 96 வயதில், பிரஷ்ய மன்னரின் தங்கப் பதக்கம் வந்தது. 1848 ஜனவரி 9-ஆம் தேதி கரோலின் அம்மையார் காலமானார். அவர் கேட்டுக்கொண்டபடி, அண்ணனின் ஒரு கற்றை முடியும், அப்பா பயன்படுத்திய ஒரு பழைய பஞ்சாங்கமும் அவரோடு பெட்டியில் வைக்கப்பட்டன.

அம்மையார் கண்டதை நாமும் காணலாம்

1783 செப்டம்பரில் தொடுவானத்தை ஒட்டி ஒரு நீண்ட புகைமேகத்தைக் கண்டார் என்று சொன்னேன் அல்லவா? இன்றைய பட்டியலில் அதன் எண் 253. அது மேகமே அல்ல, ஒரு கோடி ஒளியாண்டுக்கும் சற்று அப்பால் இருக்கும் ஓர் அண்டம். இங்கிலாந்தில் அது எவ்வளவு ஏறினாலும் மரங்களுக்கு மேல் கொஞ்சம்தான் தலை காட்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தெற்கே பாதி வானத்துக்கு மேலேயே ஏறிவிடும். அம்மையாருக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது. ஒரு சாதாரண இரட்டைக்குழல் பைனாகுலர் போதும். ஆனால் அவரைப்போல நேரம் பார்க்க வேண்டும்.

கணக்கு இதுதான். எந்த நட்சத்திரமும் நேற்று வந்ததைவிட இன்று நாலு நிமிடம் முன்னால் வரும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இந்த அண்டம் ஆகஸ்டு முதல் வாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு உச்சிக்கோட்டில் இருக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் மூன்று மணிக்கு. நவம்பர் கடைசியில் இரவு ஒன்பதரை மணிக்கு. நவம்பரில் மழை அதிகம் என்பதால் விடியுமுன் எழுந்து பழகியவர்களுக்கு ஆகஸ்டுதான் தோது.

அடுத்து நிலா. பஞ்சாங்கத்தைப் பாருங்கள். வளர்பிறை முதல் பத்து நாள் நிலா முன்கூட்டியே இறங்கிவிடும், விடியற்காலை இருட்டாக இருக்கும். தேய்பிறையில் ஐந்தாறு நாள் போனால் முன்னிரவு இருட்டாக இருக்கும். தலை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் விடுங்கள். தெற்கே பார்த்தபடி நின்று, உச்சிக்குச் சற்றுக் கீழே தனியாக மின்னும் டிஃப்டா என்ற நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அந்தப் பக்கத்தில் வேறு பெரிய நட்சத்திரம் கிடையாது. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அது மறைக்கும் அகலத்தில் முக்கால் பங்கு அதிலிருந்து நேரே கீழே இறங்குங்கள். ஒரு மங்கலான நீள் கோடு தெரியும். கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் போகிற உங்கள் மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தேதி, மணி, திசை, நிலா, மேகம், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று அவள் எழுதட்டும். தெரியவில்லை என்பதையும் எழுதட்டும், அதுவும் கணக்குத்தான். எழுதி முடித்ததும் அடியில் அவள் பெயரை அவளே போடட்டும்.